நர்ஸம்மாவும் தெருநாய்களும்: தொடும் கைகளின் வரலாறு



தலைவர்கள் பெயரிலும் எழுத்தாளர்கள் பெயரிலும் நினைவுச் சொற்பொழிவு நடத்திப் பழகிய மன்றம் இது. இந்த முறை ஓய்வுபெற்ற ஒரு செவிலியரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவருடைய பெயரை மேடையில் சொல்லுங்கள், அச்சில் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட எங்கள் தெருக்களில் அவர் நர்ஸம்மா. இந்த உரையிலும் அப்படியே இருக்கட்டும்.

அரசு மருத்துவமனை வார்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வார்டு தெருவுக்கு வந்துவிட்டது. அடிபட்ட நாய், ஒரு கால் போன பூனை, குப்பையில் பிளாஸ்டிக் தின்று வயிறு ஊதிய மாடு எல்லாம் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். அவர் இறந்தபோது வந்தவர்களில் பாதிப்பேர் “நாய்க்குச் சோறு போடுற அம்மா” என்றுதான் அடையாளம் சொன்னார்கள். முப்பது வருடம் மனிதர்களின் சீழும் இரத்தமும் துடைத்தவரை நாய்ச்சோற்றை வைத்து நினைவுகூர்வது எனக்கு முதலில் உறுத்தியது. இந்த உரைக்குத் தயாராகும்போது தோழர் ஒருவர் அதைவிடக் கூர்மையாகக் கேட்டார்: “மனுசனை மனுசனா நடத்தாத ஊர்ல, நாயை நேசிச்சவங்களுக்கு நாம எதுக்கு விழா எடுக்கணும்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கருடன் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அந்தக் குளத்தில் கால்நடைகள் நீர் அருந்தலாம், பிற மதத்தார் நீர் எடுக்கலாம், தீண்டப்படாதார் மட்டும் இறங்கக் கூடாது. நம் மக்கள் குடித்த பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எதைக் கொண்டு? பாலும் தயிரும் மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்த 108 குடங்களைக் கொண்டு. மாட்டின் கழிவு மனிதரின் கைபட்ட தீட்டைப் போக்கும் என்கிற ஏற்பாடு இது. நான்கு ஆண்டுகள் கழித்து 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அண்ணல், நாய் பூனையைவிடக் கேவலமாக நாங்கள் நடத்தப்படும் நிலத்தை என் தாய்நாடு என்று எப்படிச் சொல்வேன் என்ற பொருள்படக் கேட்டார். ஆகவே ‘விலங்கு நேசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் ஒரு எச்சரிக்கை மணி அடிப்பது இயல்புதான். பசுவைக் காக்கிறேன் என்று கிளம்பியவர்கள் யாரை அடித்தார்கள் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னைப் பட்டினத்து வெள்ளைக்காரர்கள், யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரிந்த நாய்க்கு ‘பறையா டாக்’ என்று பெயர் வைத்தார்கள். குப்பைமேட்டைச் சுற்றிப் பறக்கும் பருந்துக்கு ‘பறையா கைட்’. தரம் குறைந்த சாராயத்துக்குக்கூட அதே முன்னொட்டு. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இந்தச் சொற்களுக்கெல்லாம் பதிவு இருக்கிறது. பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்ததாகப் பலரும் சொல்லும் ஒரு சாதிப் பெயர், கப்பலேறி ஐரோப்பிய மொழிகளில் ‘விலக்கப்பட்டவர்’ என்பதற்கான பொதுச்சொல் ஆனது. மாக்ஸ் வேபர் பண்டைய யூதர்களைப் பற்றி எழுதும்போது ‘பறையா மக்கள்’ என்கிறார். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது ஆசிரியர் அந்தச் சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் கடந்துபோனார். வகுப்பில் இருந்த எங்களில் சிலருக்குத்தான் அது சொந்தத் தெருவின் பெயர். இன்றைக்கும் நாய் ஆர்வலர்கள் நாட்டுநாயை ‘இந்தியன் பறையா’ என்று பெருமையாகவே சொல்கிறார்கள். சமீபகாலமாக ‘இண்டி’ என்று மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை.

கருத்தடை ஊசி முகாமுக்கு நாய் பிடிக்க வந்த ஒரு படித்த பையன், “பறையா டாக்தானே ஆன்ட்டி, எதையும் தாங்கும்” என்றான். நர்ஸம்மா நாயின் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, “தெருநாய்னு சொல்லுப்பா. அந்தப் பேரு எங்களோடது, அதைக் குடுத்துடு” என்றார். கோபமெல்லாம் இல்லை. வார்டில் தப்பான மருந்தைக் கையில் எடுத்த பயிற்சி மாணவியிடம் பேசுகிற குரல்தான். பையனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற எங்களுக்குப் புரிந்தது.

அவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்று பார்த்தால்தான் இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

தீட்டு என்பது தொடுதலைப் பற்றிய சட்டம். மருத்துவம் என்பது தொடாமல் நடக்காத வேலை. இரண்டும் ஒரே ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பலகை இருக்கிறதே, மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள், 1885இல் தொடங்கப்பட்ட அதன் பெயர் ‘சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை’. கோஷா என்றால் திரைக்குள் இருக்கும் பெண்கள். ‘சாதிப் பெண்கள்’ என்றால் யார் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களோடு கலந்து படுக்கமாட்டோம் என்றவர்களுக்காகவே ஒரு மருத்துவமனை. அதற்குச் சாதியையே பெயராக வைப்பதில் அன்று யாருக்கும் கூச்சம் இல்லை.

நோயாளியின் படுக்கைக்குச் சாதி பார்த்தவர்கள், மலம் அள்ளும் கைக்கு மட்டும் பார்க்காமல் விடுவார்களா? பிரசவம் பார்ப்பது, தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது என்று உயிர் பிறக்கும் இடத்து வேலைகள் எல்லாம் ஊருக்கு ஊர் மருத்துவர் குலப் பெண்களிடமும் நம் பெண்களிடமும்தான் இருந்தன. பிள்ளை பிறக்கும்வரை அவள் கை வேண்டும், பிறந்தபின் தலைமுழுக வேண்டும். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோதும், சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, கழிவை எடுப்பதா, இரவில் வெளியே தங்குவதா? வந்தவர்கள் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், கிறித்தவப் பெண்கள், அவர்களில் நம் தெருக்களிலிருந்து மதம் மாறியவர்களின் மகள்கள். 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து பதிவேடு திறந்தது. அப்படியும் 1946இல் போர் குழு கணக்குப் பார்த்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். மருத்துவர் 6,300 பேருக்கு ஒருவர். மருத்துவரைவிடச் செவிலியர் இத்தனை அரிதாக இருந்த நாடு இது. வறுமை மட்டும் இதற்குக் காரணம் என்றால் இரண்டு எண்ணும் சேர்ந்தல்லவா குறைந்திருக்க வேண்டும்? தொடும் வேலையை இழிவாக வைத்த சமூகத்தின் கணக்கு இது என்பது என் வாசிப்பு.

பணிவிடையை இழிவு என்று கருதாத மரபும் இங்கே இருந்தது. பேதியில் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைச் சக பிக்குகள் கைவிட்டபோது, புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்து கழுவித் தூக்கிப் படுக்கவைத்ததை விநயம் சொல்கிறது. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்தைக் கொண்டு ஊருக்கு வெளியே சிகிச்சைக்கூடம் அமைத்து, மகர் குடியிருப்புச் சிறுவன் ஒருவனைத் தன் முதுகில் சுமந்து வந்து சேர்த்தார். நோய் தொற்றி அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். நவீனச் செவிலியத்தின் தாய் என்று பாடப்புத்தகம் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் காட்டும். அவரும் விலங்குகள் மேல் உயிராக இருந்தவர்தான். ஏதென்ஸில் மீட்ட ஆந்தைக் குஞ்சை அதீனா என்று பெயரிட்டு வளர்த்தார், முதுமையில் வீடு நிறையப் பூனைகள், நீண்டநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று செவிலியம் பற்றிய 1859ஆம் ஆண்டு நூலிலேயே எழுதினார். ஆனால் நைட்டிங்கேலின் பூனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அவரைப் ‘பூனைக்குச் சோறு போட்ட அம்மா’ என்று முடிப்பதில்லை.

நர்ஸம்மாவிடம் இந்தப் பெயர்கள் எதுவும் இருந்ததில்லை. அவருக்கு விலங்குகளோடு உறவு வந்தது மருத்துவமனை வழியாகவே என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையில் விலங்கு எங்கே இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை.

கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட்டின் முதல் வேலை, கன்றுகளின் உடம்பில் வளர்த்தெடுத்து அம்மைப்பால் தயாரிப்பது. ‘வாக்சின்’ என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. பிறந்த குழந்தையின் தோளில் போடும் அந்த ஊசி, மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை வீரியமிழக்கச் செய்து எடுத்தது. பாம்புக்கடி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுத்தவர்கள் 1978 முதல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் நடத்திவரும் இருளர்கள். பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களை நம் தோழர்கள் அறிவார்கள். அந்தச் சமூகத்தின் கைதான் நாட்டின் பாம்புக்கடி நோயாளிகளைக் காப்பாற்றிவந்தது.

பிறகு நாய்க்கடி. “தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மிரட்டுவார்களே, அது ஆட்டு மூளையில் தயாரித்த தடுப்பூசி. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து தமிழ்நாடு முழுக்க அது போனது. வலி மட்டும் இல்லை, சிலருக்கு நரம்புக் கோளாறும் பக்கவாதமும்கூட வந்ததுண்டு. 2004 டிசம்பரோடு இந்தியா அதைக் கைவிட்டது. நர்ஸம்மா அந்த ஊசியைப் போட்ட தலைமுறை. வரிசையில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியும்: வெறுங்காலோடு பள்ளிக்குப் போன பிள்ளை, விடியற்காலையில் குப்பை அள்ளப் போன பெண், நடைபாதையில் தூங்கியவர். கார் வைத்திருப்பவரைத் தெருநாய் கடிப்பது குறைவு. உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் 36 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பான்மையோர் ஏழைகள், பாதியளவு சிறுவர்கள்.

அவருடைய நாய்நேசம் இந்த அறிவிலிருந்து பிரியவே இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணிநேரம் கழுவச் சொல்லித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கத்துவார். கடிபட்ட பிள்ளையின் ஊசித் தேதிகளை, முதல் நாள், மூன்று, ஏழு, பதினாலு, இருபத்தெட்டு என்று தன் வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்து, அம்மா வேலைக்குப் போயிருந்தால் தானே கூட்டிப்போவார். நாய்களுக்கு ஊசி போடும் முகாம் எப்போது வரும் என்று மாநகராட்சி அலுவலகத்தைத் துளைத்தெடுப்பார். நாயைக் காப்பதும் பிள்ளையைக் காப்பதும் அவருக்கு ஒரே நாட்காட்டியில் இருந்தன. புழு வைத்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றிவிட்டுப் புழு வெளியே வரவரக் குச்சியால் எடுத்துக்கொண்டே இருப்பார். அந்த நாற்றத்தில் எங்களால் பக்கத்தில் நிற்க முடியாது.

சோறு என்று சொன்னேன். ரேஷன் அரிசியைக் குழைய வடித்து, கறிக்கடையிலிருந்து சவ்வும் எலும்பும் வாங்கி வேகவைத்துக் கலப்பார். மாட்டுக்கறிக் கடை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சட்டியிலும் அதே கறிதான். இதைக் கேள்விப்பட்ட விலங்குநல அமைப்புப் பெண் ஒருவர், “மாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறீங்களே” என்று ஆச்சரியப்பட்டார். சாப்பிடாதவருக்குத்தான் நேசிக்க உரிமை என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது? செத்த மாட்டை இழுத்துப்போட்டவர்கள், தோலுரித்தவர்கள், பன்றி வளர்த்தவர்கள், பண்ணையார் வீட்டு மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் நாம். விலங்கின் உடலை உள்ளும் புறமும் அறிந்த அறிவு அது. அந்த அறிவைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பதை ஜீவகாருண்யம் என்று அழைத்தார்கள்.

நம் இலக்கியத்தில் இந்த முரணைப் பற்றிய மிகத் துணிச்சலான கதை மணிமேகலையில் இருக்கிறது. பிறந்தவுடன் கைவிடப்பட்ட குழந்தைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. பார்ப்பனர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். பையன் வளர்ந்தபின், வேள்வியில் கொல்ல மாலை சூட்டிக் கட்டிவைத்திருந்த பசுவைப் பார்க்கிறான். இரவில் அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அவன் எதிர்வாதம் செய்ததும் பசுவைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது, அவன் பிறப்பைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. வளர்த்தவரும் விலக்கிவிடுகிறார். அந்தணர் ஊர்களில் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல் போடுகிறார்கள். அவன் மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த சோற்றைப் பார்வையற்றவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர், நோயாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்று தூங்குகிறான். இவன்தான் ஆபுத்திரன். அமுதசுரபி முதலில் கிடைத்தது இவனுக்கு. மாட்டை மீட்ட அதே கை நோயாளிக்குச் சோறூட்டப் போனதில் சாத்தனார் எந்த முரணையும் காணவில்லை. அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டும் இதைத்தான் பேசுகிறது. தன் ஆட்சிப் பகுதியிலும் சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் மனிதருக்கு மருத்துவம், விலங்குக்கு மருத்துவம் என்று இருவகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகவும் மூலிகைகள் நட்டதாகவும் அது சொல்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே தமிழ் நிலத்தைக் குறிப்பிட்டுப் பேசும் இந்த ஆவணத்தை நம் மேடைகளில் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை.

இப்போது தோழரின் கேள்விக்குத் திரும்புகிறேன். 2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்க மெழுகுவத்திகள், விவாதங்கள். ஆகஸ்ட் 22 அன்று வேறொரு அமர்வு அதை மாற்றியது. அதே ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை இழுத்துப் பேருந்தில் ஏற்றியது. ஆங்கிலத் தொலைக்காட்சிகளில் நாய்களுக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இவர்களுக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்கத் தோன்றும். நானும் அப்போது ஆத்திரத்தோடு அப்படியே எழுதினேன். ஆனால் அந்த ஆத்திரத்தின் விலாசத்தைச் சரியாக எழுத வேண்டும். பணியாளரின் ஊதியத்தை நாய் பிடுங்கவில்லை. குப்பை ஒழுங்காக அள்ளப்படாத தெருவில்தான் நாய் பெருகுகிறது. அள்ளுகிறவர்களைக் குறைத்து ஒப்பந்ததாரரிடம் விடுவதும் தெருநாய்ப் பிரச்சினையும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு விளைவுகள். சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறிய ஆண்டு 1996. அதற்கு முன்பு மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலத்தில் நாயைப் பிடித்து இழுத்துவரும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கொல்வதும் நம் கை, அள்ளுவதும் நம் கை, கடி வாங்குவதும் நம் கால்.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு முடிக்கிறேன். ‘ஓய்வுபெற்ற’ என்ற சொல். நர்ஸம்மாவின் நாய்ச்சோறு ஓய்வூதியத்திலிருந்து வந்தது. நிரந்தரப் பணி, பஞ்சப்படி, மாதம் பிறந்தால் வங்கியில் பணம். நம் தெருவில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் செலவு செய்ய அது இடம் கொடுத்தது. 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் சேர்க்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது நர்ஸம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு, “இந்தப் பொண்ணுங்க ரிட்டையர் ஆகாதுங்க, நின்னுடுங்க” என்றார். வேலை நின்றுபோகும் என்ற பொருளில் சொன்னார். அடுத்த தலைமுறையில் ஓய்வுபெற்ற செவிலியர் என்று ஒருவரை நினைவுகூர நமக்கு வாய்ப்பே இருக்காது போலிருக்கிறது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் நம் தெருக்களில் ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆயாக்களும் மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களும் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். எந்தப் பள்ளியில் படித்தார்கள், விடுதியில் யாரோடு தங்கினார்கள், எந்த நோயாளி தன்னைத் தொடாதே என்று சொன்னார், மேட்ரன் அப்போது என்ன செய்தார் என்று கேளுங்கள். அவசரப்படாதீர்கள், அவர்கள் முதலில் உங்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். பணி நியமன ஆணை, இடமாற்ற ஆணை, பயிற்சிக்காலப் புகைப்படம் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல்களை மன்ற அலுவலகத்தில் சேர்த்தால் ஊர்வாரியாகக் கோப்பு போட்டு வைக்கிறோம். நர்ஸம்மாவின் 3 ஆணைகளும் ஒரு புகைப்படமும் அங்கே முதல் கோப்பாக இருக்கின்றன.